ஸ்டோர் மாடியில் சைக்கிள்

“எல்லாருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியுந்தானே?” என்று செல்வா சார் கேட்டார். நாங்கள் ஐந்து பேரும் கை தூக்கினோம். இரண்டாவதாக உயர்ந்த கை என்னுடையது. முதலில் தூக்கினால் வேஷம் என்று தெரிந்துவிடும், கடைசியில் தூக்கினால் சந்தேகம் வரும். யோசித்துத்தான் தூக்கினேன்.

தலவாக்கலை டவுனில் ஒரு கடைக்கு மேலே இருக்கும் டியூஷன் வகுப்பறை அது. வெளியே மழை. உள்ளே ஈரக் குடைகளின் வாடை, ஆளுக்கொரு பிளேன்டீ, நடுவில் மீன் வைத்த மாலு பணிஸ் ஒரு பை. கரும்பலகையில் சார் இலங்கையை வரைந்திருந்தார். உச்சியில் பருத்தித்துறை, அடியில் தெய்வேந்திரமுனை, நடுவே ஒரு கோடு. பத்து நாளில் நாங்கள் ஆறு பேரும் அந்தக் கோட்டின் மேல் சைக்கிளில் வருவதுதான் திட்டம்.

அந்தக் கோடு எங்கள் மலைகளைத் தொடாமல் ஒதுங்கிப் போனது. ஏன் சார் என்று கேட்டேன். “மலையிலேயே ஓட்டுறவங்க நாம. மட்ட ரோட்டுல ஓட்டுறதெல்லாம் நமக்கு ஒரு வேலையா?” என்றார். எல்லோரும் சிரித்தோம். இந்த வார்த்தையை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் இன்றுவரை மறக்கவில்லை, அவரையும் மறக்க விடவில்லை.

செல்வா சார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். இறம்பொடைக்காரர். தங்கராஜ் ஹட்டனில் த்ரீவீல் ஓட்டுபவர். கடையில் வேலை செய்யும் ஓர் அண்ணன் தம்பி. பிலோமினா, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள், என் சிநேகிதி. அப்புறம் நான், சரசு, நாற்பத்தாறு வயது. பிள்ளைக்காம்பரா என்று நாங்கள் சொல்லும் குழந்தைகள் காப்பகத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள்.

பயணத்துக்கு முன்னால் மட்டமான ஊரில் ஒருநாள் ஓட்டிப் பார்ப்போம் என்றார் சார். அந்த ஒருநாளைத் தாங்காதவர்களுக்குப் பயணத்தில் இடமில்லை. கடித்த பணிஸை அப்படியே கீழே வைத்தேன்.

சங்கிலி இல்லாத வண்டி

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். மிதிக்கத்தான் தெரியாது.

கீழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளங்கவைப்பது கஷ்டம். சின்ன வயதில் எங்கள் வீட்டில் அண்ணனுடைய சைக்கிள் ஒன்று இருந்தது. அதன் சங்கிலி எப்போதோ அறுந்து போயிருந்தது. யாரும் புதுச் சங்கிலி மாட்டவில்லை, ஏனென்றால் தேவைப்படவில்லை. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்திலிருந்து கீழே வட்டகொடை ஸ்டேஷன் வரை உருட்டிக்கொண்டே போகலாம். பிரேக் மட்டும் நன்றாக இருந்தால் போதும். திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டு வரவேண்டும்.

தள்ளும்போது அது சைக்கிள் இல்லை, ஊருக்குப் பொதுவான வண்டி. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் பையை ஹேண்டிலில் மாட்டிவிட்டுக் கூடவே பேசிக்கொண்டு நடப்பார்கள். மாவு, மண்ணெண்ணெய், கருவாடு, யாருடைய மருந்துப் போத்தலோ ஒன்று. ஒருமுறை ஒரு கோழிகூட வந்தது. வீட்டுக்கு வரும்போது ஊர்க்கதை பாதி எனக்குத் தெரிந்திருக்கும்.

அந்த வண்டியில் நான் கில்லாடி. கொண்டை ஊசி வளைவில் காலைத் தரையில் ஊன்றாமல் திரும்புவேன். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த ஆட்டம் என்று வைதவர்களும் பையை மாட்ட மறக்கவில்லை. ஆனால் அந்த வருஷங்களில் ஒருநாளும் என் கால் பெடலைச் சுற்றியதில்லை. கால் வைத்துக்கொள்ளும் இடம் என்றுதான் அதை நினைத்திருந்தேன்.

காரியம் இல்லாத பயணம்

அப்படியானால் எதற்குக் கை தூக்கினாய் என்று கேட்பீர்கள். பிலோமினாவும் பிறகொரு நாள் கேட்டாள்.

நான் போன பயணங்களை ஒருநாள் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். பதினாறு வயதில் கொழும்புக்கு, வீட்டு வேலைக்கு. பிறகு அங்கிருந்து திரும்பி, அப்பா செத்ததற்கு. கண்டி ஆஸ்பத்திரிக்குப் பலமுறை, அம்மாவோடு. வலப்பனைக்கு நாத்தனார் வீட்டுச் சண்டையை விலக்க. கல்யாணம், கருமாதி, கையெழுத்து. எங்கே போனாலும் யாரோ ஒருவர் நான் வந்து ஏதோ செய்வதற்காகக் காத்திருப்பார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தாலும் வெளியே பார்த்ததில்லை. போய் என்ன சொல்வது, யாரைச் சமாளிப்பது என்றே யோசித்துக்கொண்டு போவேன்.

ஒரே ஒருதரம், ஒரு காரியமும் இல்லாமல், இந்த நாட்டை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இவ்வளவுதான். பெரிய காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. அந்த ஆசை வந்த பிறகு அது போகவும் இல்லை.

வலப்பனைச் சந்தைப் பக்கம் ஒரு பழைய லேடீஸ் சைக்கிளைப் பிடித்தேன். இந்த முறை சங்கிலி இருந்தது.

மட்டமான ஒரே இடம்

எங்கள் தோட்டத்தில் மட்டமான இடம் தேடிப் பார்த்தால்தான் அருமை தெரியும். ரோடு ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களம்கூட ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்து தானாகவே ஒரு கோலுக்குள் போகும். டாஸ் ஜெயிக்கிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் கேட்பார்கள்.

உண்மையில் மட்டமாக இருந்தது ஒரே இடம். ஸ்டோர் மாடி.

தேயிலை பேக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். எங்கள் ஸ்டோர் மூடிச் சில வருஷங்கள் ஆகின்றன. கொழுந்து இப்போது லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடம் மட்டும் நிற்கிறது, அதற்கு ஒரு வாச்சர். அந்த வாச்சர் என் வீட்டுக்காரர் நடேசன்.

மேல்மாடி முழுக்க ஒரே நீளமான பலகைத் தரை. பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற இடம். நடுவே இரண்டு வரிசைத் தூண்கள், இரண்டு பக்கமும் கண்ணாடி ஜன்னல்கள். பலகை இடுக்குகளில் இன்னும் தேயிலைத் தூள் இருக்கிறது. வெயில் பட்டால் வாசம் எழும்பும்.

மாலையில் அங்கே சைக்கிள் பழகலாமா என்று அவரிடம் கேட்டேன். அவர் சோற்றிலிருந்து தலை தூக்கவில்லை. உள்ளே யாரையும் விடக்கூடாது என்று உத்தரவு, தெரிந்தால் வேலை போய்விடும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல் வருகிற கோபம் மற்றக் கோபத்தைவிட மோசமானது. மூன்று நாள் அவரிடம் தேவையான வார்த்தைகளை மட்டும் பேசினேன்.

நான்காம் நாள் மாலை, வேலை முடிந்து வந்தபோது என் சைக்கிளைக் காணவில்லை. ஸ்டோருக்குப் போனேன். பக்கத்துக் கதவு திறந்திருந்தது. படியேறிப் பார்த்தால் சைக்கிள் மாடியில் நிற்கிறது. முனைகளில் திரும்புகிற இடத்துத் தூண்களில் இடுப்பு உயரத்துக்குப் பழைய சாக்குகளைச் சுற்றிக் கட்டியிருந்தார். நான் எங்கே மோதுவேன் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார் மனுஷன்.

“நான் பாத்துக்கிட்டு நின்னா நான் தொறந்து விட்டதாயிரும். நான் கீழ கேட்டப் பாத்துக்குறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சாக்குக் கட்டிய தூண்களில் மோதினேன். கட்டாத தூண்களிலும் மோதினேன். கால் சுற்றும்போது கை ஆடும், கையைப் பிடித்தால் கால் நிற்கும். மறுநாள் பிள்ளைக்காம்பராவில் ஒரு சின்னவன் என் முழங்காலைத் தடவி ஊதிவிட்டான். இரண்டு வாரத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நிற்காமல் போனேன். ஒரு மாதத்தில் மாலை முழுக்கச் சுற்றினேன். ஜன்னலுக்கு வெளியே எங்கள் மலை நூறு தரம் வந்து வந்து போனது. யாருக்கும் தெரியாது, பிலோமினாவுக்குக்கூட. மற்ற ஐந்து பேரும் ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவர்கள், நான்தான் ஏமாற்றுக்காரி என்று வெட்கப்பட்டுக்கொண்டே சுற்றினேன்.

வாய்க்கால் ரோடு

பரீட்சை நாள் வந்தது. ஒரு சின்ன லொறியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு விடியும்முன் கிளம்பி மகியங்கனைப் பக்கம் இறங்கினோம். வயல்களுக்கு நடுவே வாய்க்காலை ஒட்டி ஒரு ரோடு. அவ்வளவு நேரான ரோட்டை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். வெக்கை முகத்தில் அடித்தது. நாங்கள் ஸ்வெட்டரோடு வந்திருந்தோம்.

சார் விசில் ஊதினார். எல்லோரும் நாலு எட்டு ஓடி, உந்தித் தாவி ஏறி, ஜோராக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள். சைக்கிள்கள் மெதுவாகி, ஆடி, ஒவ்வொன்றாக நின்றன.

நான் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். ஐந்து பேரும் ரோட்டில் கால் ஊன்றி நின்றுகொண்டு, வண்டியில் ஏதோ கோளாறு என்று சக்கரத்தைப் பார்க்கிறார்கள். சார் குனிந்து பிரேக்கைச் சோதிக்கிறார்.

மறுபடி ஏறினார்கள். இந்தத் தடவை மிதித்தார்கள். கொஞ்ச தூரம் மிதித்துவிட்டு, இனி வண்டி தானாகப் போகும் என்று காலை நிறுத்தினார்கள். அது போகவில்லை. இரண்டு மைல் போவதற்குள் அண்ணனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது, தம்பி வாய்க்கால் கரையில் படுத்துவிட்டான். “இங்க மிதிச்சிக்கிட்டே இருக்கணும் போல” என்றார் தங்கராஜ். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது ஒரு சிங்கள அம்மா எங்களைத் தாண்டிப் போனார். அறுபது வயதிருக்கும். பின்னால் ஒரு மூட்டை கீரை, முன்னால் ஒரு பூசணிக்காய். செருப்புக் காலால் சாவகாசமாக மிதித்துக்கொண்டே எங்களைப் பார்த்து, “நவத்தன்ன எப்பா, திகட்டம பதின்ன” என்றார். நிறுத்தாதீர்கள், விடாமல் மிதியுங்கள் என்று அர்த்தம். சொல்லிவிட்டு நிறுத்தாமல் போய்விட்டார்.

மத்தியானத்துக்கு முன்பே எல்லோரும் ஒரு மருத மர நிழலில் உட்கார்ந்துவிட்டோம். உண்மைகள் அங்கே ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தங்கராஜ் பதினைந்து வருஷமாகச் சைக்கிளைத் தொடவில்லை. பிலோமினா கோயிலிலிருந்து லயம் வரை இறங்கியதோடு சரி. அண்ணனும் தம்பியும் ஒரே சைக்கிளில் இறங்குவார்கள், ஆள் மாறித் தள்ளுவார்கள்.

கடைசியில் சார் தொப்பியைக் கழற்றினார். இறம்பொடையில் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் காலையில் சைக்கிளில் இறங்குவாராம். சாயந்தரம் சைக்கிளைக் கொழுந்து லொறியில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொள்வாராம். “என்னை நம்பி வந்தீங்க. நானும் உங்கள மாதிரிதான். இது நமக்கு வேணாங்க. வீட்டுக்குப் போவோம்” என்றார்.

எனக்கு அந்த ஐந்து பேர் மீதும் பாசம் பொங்கியது. ஒரு மாதமாகத் தனியாகச் சுமந்த வெட்கம் ஆறு பங்காகப் பிரிந்து ஒன்றுமில்லாமல் போனது. அடுத்த நிமிஷமே மற்றது உறைத்தது. பயணம் போச்சு. தனியாக ஒரு பொம்பளை பருத்தித்துறையிலிருந்து சைக்கிளில் வர முடியாது, எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

“நீ மட்டும் எப்படி சரசு ஓட்டுன?” என்று பிலோமினா கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னால் பயணம் பிழைக்கும், வீட்டுக்காரர் வேலை போகலாம். பழக்கம்தான் என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரை மடிக்க ஆரம்பித்தேன். லொறியில் திரும்பி வரும்போது ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். வெளியே என்ன இருந்தது என்று இப்போதும் தெரியாது.

பலகை தாங்குமா

அன்று சாயந்தரம் நான் ஸ்டோருக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். பாஸா பெயிலா என்று கேட்டார். நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை நான், சொல்ல மட்டும் செய்தேன். முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

வாச்சர் வேலை போனால் வேறு வேலை கிடைக்கிற வயதில்லை அவருக்கு. அது எனக்கும் தெரியும், நான் ஞாபகப்படுத்த விரும்பவில்லை.

“ஆறு சைக்கிளா?” என்றார். “பலகை தாங்குமான்னு பாக்கணும்.”

மறுநாள் ஒரு சுத்தியலும் ஆணிப் பையுமாகப் போய் மாடியின் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஆட்டம் கண்டவற்றை அடித்தார். மிச்சமிருந்த தூண்கள் எல்லாவற்றுக்கும் சாக்குக் கட்டினார்.

ஞாயிறு காலை

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. எட்டு மணிபோல ஆறு பேரும் சைக்கிள்களைத் தோளில் தூக்கிப் படியேற்றினோம். சார் விசில் ஊதப் போனார், நான் பிடுங்கிக்கொண்டேன். சத்தம் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன்.

ஆனால் ஒரு சைக்கிள் பலகையில் ஓடுவது வேறு, ஆறு சைக்கிள் ஓடுவது வேறு என்று நாங்கள் யோசிக்கவில்லை. முதல் சுற்று முடியும்போதே கட்டடம் முழுக்க ஓர் உறுமல் கிளம்பியது. காலியான கீழ்த்தளம் அதை வாங்கி இன்னும் பெரிதாக்கியது. கண்ணாடிகள் அதிர்ந்தன. எங்களுக்கு உற்சாகம். “மிதிங்க, மிதிங்க” என்று பிலோமினா சொல்லிக்கொண்டே வந்தாள். சார் இரண்டு தரம் தூணைக் கட்டிப்பிடித்தார்.

ஏதோ ஒரு சுற்றில் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். லயத்துப் பக்கமிருந்து ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். சிலர் கையில் டீக் கோப்பையோடு. கேட்டருகே ஐம்பது அறுபது பேர் இருக்கும். அவர்களுக்கு நடுவில் கண்டாக்கையாவின் மோட்டார் சைக்கிள். தோட்ட வேலைகளை மேற்பார்க்கிற உத்தியோகத்தர் அவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாச்சர் வேலை போய்விடும்.

சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். மேலே எல்லோரும் நின்றுவிட்டார்கள். உறுமல் அடங்கியது.

என் வீட்டுக்காரர் கேட்டுக்கு உள்ளே சாவிக் கொத்தோடு நின்றார். யார் திறந்துவிட்டது என்று கண்டாக்கையா கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வாய் திறப்பதற்குள், “நான்தாங்கய்யா. இவருக்குத் தெரியாம சாவிய எடுத்துட்டேன்” என்றேன். “தெரியாம இல்லைங்க. நான்தான் தொறந்தேன்” என்றார் அவர். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவர் என் பேச்சை ஊர் முன்னால் மறுத்தது அன்றைக்குத்தான்.

கூட்டத்திலிருந்து காமாட்சி அக்கா முன்னால் வந்தார். ஸ்டோர் மூடும்வரை தூள் சலிக்கும் அறையில் வேலை பார்த்தவர். மூடியபோது ஆண்களோடு சேர்ந்து கேட்டில் நின்று சண்டை போட்டவர். சேலையை இடுப்பில் செருகியிருந்தார், அவசரமாக ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“ஸ்டோர தொறந்துட்டாங்களா தம்பி?” என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

அவர் மாடியைக் காட்டினார். “இல்லக்கா. சைக்கிளு” என்றார்.

காமாட்சி அக்கா மேலே ஜன்னல்களைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. பலகை உறுமலை மெஷின் சத்தம் என்று நம்பி வந்த இத்தனை பேரை எங்கள் ஆசைக்காக ஏமாற்றிவிட்டோமே என்று மனது அடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“அப்ப ஏன் நிறுத்துனீங்க?” என்றார் அக்கா. பிறகு கண்டாக்கையா பக்கம் திரும்பினார். “நிறுத்தச் சொல்லாதீங்கய்யா. கொஞ்ச நேரம் கேட்டுட்டுப் போறோம்.”

கண்டாக்கையா கூட்டத்தைப் பார்த்தார். அவரும் இந்த ஸ்டோர் ஓடிய காலத்தில் சின்ன உத்தியோகத்தில் சேர்ந்தவர்தான். மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். “ஞாயித்துக்கெழம மட்டும். விழுந்து கைகால ஒடச்சுக்கிட்டா நான் பொறுப்பில்ல” என்றார். சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. கேட் தூணில் சாய்ந்துகொண்டார்.

நான் அசையாமல் நின்றேன். என் வீட்டுக்காரர் சாவிக் கொத்தை மடியில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“மேல போ சரசு. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க” என்றார்.

படியேறும்போது அழுதேன், மறைக்கவில்லை. இத்தனை வருஷமும் நான் போகிற இடமெல்லாம் ஏதோ ஒரு வேலைக்காகத்தான் எனக்காகக் காத்திருந்தார்கள். அன்றைக்கு அறுபது பேர், நான் சைக்கிள் ஓட்டுவதற்காகக் காத்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்தேன். மற்ற ஐந்து பேரும் பின்னால் வந்தார்கள். பலகை உறுமத் தொடங்கியது. கீழே எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மத்தியானம் வரை நாங்கள் நிறுத்தவே இல்லை.